வீட்டு கராஜில் பிஆர்இசட்டுக்கு ஹெடர் மாட்டுவது பற்றி

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 2013 மாடல் சுபாரு பிஆர்இசட் இருக்கிறது, மேனுவல் கியர். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறீர்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இல்லாத ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு) ஒன்று மலிவாக வருகிறது என்று பார்த்து வைத்திருக்கிறீர்கள். அதை வீட்டு கராஜிலேயே ஜாக் ஸ்டாண்டு போட்டு நீங்களே மாட்ட முடியுமா, எவ்வளவு பவர் கூடும், 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4000 சுற்று) பக்கம் வண்டி சோம்பிப்போவது சரியாகுமா, சம நீளக் குழாய் நல்லதா அல்லது நீளம் மாறிய குழாயா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: என் கையால் முடியுமா, செய்வதற்குப் பலன் உண்டா, பின்னால் சிக்கல் வருமா. நீங்கள் முதல் கேள்வியைத்தான் அழுத்திக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் எளிது, முடியும். உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது மற்ற இரண்டும்தான்.

நான் ஆட்டோமொபைல் படித்துவிட்டு, ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன் வேலை செய்யும் பட்டறையில் பல வருடம் இருந்தவன். இந்த எஞ்சின் எனக்கு நன்றாகப் பழக்கம். ஆனால் உங்கள் காரை நான் பார்க்கவில்லை. அதன் ஸ்டட்கள் (நட்டு ஏறும் மரைத் தண்டுகள்) எவ்வளவு துருப்பிடித்திருக்கின்றன, முன்பு யார் கை வைத்தார்கள் என்பதெல்லாம் கீழே படுத்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எதை வாங்குவது என்பதே அதில்தான் நிற்கிறது. பல கார்களில் ஹெடர் வெறும் குழாய், கன்வர்ட்டர் அதற்குப் பின்னால் தனியாக இருக்கும். உங்கள் காரில் அப்படி இல்லை. முதல் கன்வர்ட்டர் கம்பெனி ஹெடரோடு ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, இரண்டாவது பின்னால் முன்குழாயில் இருக்கிறது. ஆகவே கன்வர்ட்டர் இல்லாத ஹெடரை மாட்டினால் முதன்மை கன்வர்ட்டரையே பிடுங்கி வைத்ததாக ஆகிறது. குளிர் ஸ்டார்ட்டில் சீக்கிரம் சூடாகி, புகையில் பெரும்பங்கைச் சுத்தம் செய்வது அதுதான். அமெரிக்கக் கூட்டரசின் தூய காற்றுச் சட்டப்படி இதைச் செய்வது எந்த மாநிலத்திலும் குற்றம். கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே புகை சம்பந்தப்பட்ட எந்த வெளிக் கம்பெனிப் பாகமாக இருந்தாலும் மாநிலக் காற்று வாரியமான கார்ப் கொடுத்த நிர்வாக ஆணை எண் வேண்டும், ஈஓ நம்பர் என்று சொல்வார்கள். அந்த ஆணையில் உங்கள் காரின் மாடலும் ஆண்டும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் "ரேஸ் உபயோகத்துக்கு மட்டும்" என்று அச்சடித்திருப்பது பொதுச்சாலையில் உங்களைக் காப்பாற்றாது.

உங்கள் கார் எட்டு மாடல் ஆண்டுகளைத் தாண்டிவிட்டதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஸ்மாக் செக் என்ற புகைப் பரிசோதனை உண்டு. 2000 மாடல் முதலான பெட்ரோல் கார்களுக்குப் பின்குழாயில் கருவி வைத்து அளப்பதில்லை, ஓபிடி போர்ட்டில் செருகிக் கணினியைப் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் பரிசோதகர் கண்ணாலும் பார்ப்பார். கன்வர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று வெறும் குழாய் தெரிந்தால் அங்கேயே ஃபெயில். கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரை ஸ்பேசர் போட்டுத் தள்ளி வைத்து, கன்வர்ட்டர் சரியில்லை என்று கணினி காட்டும் பி0420 கோடு வராமல் செய்துவிடலாம் என்று வீடியோக்கள் சொல்லும். அதுவும் சட்டவிரோதம், கண்பார்வைச் சோதனையில் அதனால் பயனும் இல்லை. எனவே என் முதல் அறிவுரை: பார்த்து வைத்திருக்கும் அந்த ஹெடரை வாங்காதீர்கள். கன்வர்ட்டரோடு வருகிற, உங்கள் மாடலுக்கு ஈஓ நம்பர் உள்ள ஹெடரைத் தேடுங்கள். கார்ப் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம், விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றால் கம்பெனி ஹெடரிலேயே இருங்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் தெருவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், அந்தப் புகையை அவர்கள்தான் சுவாசிக்கப்போகிறார்கள்.

இப்போது பவர். இந்த எஃப்ஏ20 எஞ்சின் 2.0 லிட்டர், போரும் (சிலிண்டரின் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) இரண்டும் 86 மில்லிமீட்டர், கம்ப்ரெஷன் 12.5க்கு 1. 200 குதிரைத்திறன் 7000 ஆர்பிஎம்மில் வருகிறது. சுழற்று விசையான டார்க் 151 பவுண்டு-அடி, அது உச்சம் தொடுவது 6400 வாக்கில். நடுவில், ஏறக்குறைய 3500க்கும் 4500க்கும் இடையில், டார்க் கோடு பள்ளமாக இறங்கி மறுபடி ஏறுகிறது. நீங்கள் உணர்கிற சோம்பல் அதுதான், உங்கள் காரில் கோளாறு எதுவும் இல்லை.

அந்தப் பள்ளத்துக்கும் ஹெடருக்கும் என்ன சம்பந்தம்? எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய்கள் ஒன்று சேரும் இடத்தில் அதன் ஒரு பகுதி குறையழுத்த அலையாக மாறித் திரும்புகிறது. அந்தச் சூட்டில் அலை நொடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் போகும். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 4000 ஆர்பிஎம்மில் 15 மில்லிநொடி ஆகிறது, 7000த்தில் 8.6தான். காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் சிறு நேரத்தில் அந்தக் குறையழுத்தம் வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய புகையை வெளியே இழுத்துப் புதுக் காற்றுக்கு இடம் கொடுக்கும். நேரம் தவறினால் புகையே உள்ளே திரும்பித் தள்ளப்படும். குழாயின் நீளமும் விட்டமும் மாறினால் எந்த ஆர்பிஎம்மில் நல்லது நடக்கும், எதில் கெட்டது நடக்கும் என்பதும் மாறுகிறது. இவ்வளவும் உறுதியான இயற்பியல். உங்கள் காரின் பள்ளத்தில் கம்பெனி ஹெடருக்கு எவ்வளவு பங்கு, வால்வுகள் திறக்கும் நேரமான கேம் டைமிங்குக்கு எவ்வளவு, இன்டேக்குக்கு எவ்வளவு என்பதில்தான் அனுபவஸ்தர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஹெடரை மட்டும் மாற்றினால் பள்ளம் ஓரளவு ஆழம் குறையும், கூடவே எஞ்சின் கணினியான ஈசியூவின் மென்பொருளை மாற்றும் ட்யூனும் செய்தால்தான் நன்றாக நிரம்பும் என்பது நான் பார்த்த கார்களில் பொதுவாகத் தெரிந்தது. தொழிற்சாலை இதற்கு என்ன செய்தது என்று பாருங்கள். 2022 மாடலில் எஞ்சினையே 2.4 லிட்டராக்கி, 184 பவுண்டு-அடி டார்க்கை 3700லேயே கொண்டுவந்தார்கள்.

ட்யூன் என்று சொன்னவுடன் ஓபன்ஃப்ளாஷ், ஈக்யூடெக் என்ற பெயர்கள் உங்களுக்கு நினைவு வரும். இந்தக் காரின் ஈசியூ மென்பொருளை மாற்ற இரண்டுமே நல்ல கருவிகள். ஆனால் கலிஃபோர்னியாவில் 2021 ஜூலை 19 முதல் ஸ்மாக் செக்கிலேயே ஈசியூ மென்பொருள் கம்பெனியுடையதா என்று பார்க்கிறார்கள். மாற்றிய மென்பொருளுக்கு ஈஓ இல்லையென்றால் கார் ஃபெயில். ஆகவே உங்கள் ஊரில், பொதுச்சாலையில் ஓடும் காரில், கன்வர்ட்டரோடு ஒரு ஹெடரும் கம்பெனி மென்பொருளும் என்றால், உச்ச பவரில் ஒற்றை இலக்கக் குதிரைத்திறனுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பவரை அளக்கும் டைனோ கருவியின் அட்டையில் 15, 20 என்று காட்டுவார்கள். அது ட்யூனோடு சேர்ந்ததா, கன்வர்ட்டர் இல்லாமலா, ஒரே நாளில் ஒரே வெப்பத்தில் முன்னும் பின்னும் அளந்ததா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத அட்டையை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

சம நீளமா, மாறிய நீளமா என்பதில் பெரிய வித்தியாசம் சத்தத்தில்தான். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் 180 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கிறது. குழாய்கள் சம நீளமாக இருந்தால் அந்தத் துடிப்புகள் சேரும் இடத்துக்கு ஒரே சீராக வருகின்றன. நீளம் மாறினால் முன்னும் பின்னுமாக வருகின்றன, அதுதான் பழைய சுபாருக்களின் அந்த உறுமல். உங்கள் கம்பெனி ஹெடர் சம நீளம், அதனால்தான் பிஆர்இசட் மற்ற சுபாருக்கள் மாதிரி உறுமுவதில்லை. மேல் ஆர்பிஎம் பவருக்குச் சம நீளம் நல்லது என்பது கோட்பாட்டில் சரி. சாலையில் அந்த வித்தியாசத்தை உணர்வது கடினம். உறுமல் பிடிக்கும் என்றால் மாறிய நீளத்தை எடுங்கள், தப்பில்லை. ஆனால் போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் போகும்போது உள்ளே எப்படிக் கேட்கும் என்பதை எந்த வீடியோவும் காட்டுவதில்லை. அந்த ஹெடர் மாட்டிய கார் வைத்திருப்பவரிடம் கேட்டு, ஒருமுறை கூட உட்கார்ந்து போய்ப் பாருங்கள். மொத்தச் சத்தத்துக்கு மாநில வரம்பு 95 டெசிபல் என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். இந்தக் கார் வீட்டு வேலைக்கு நல்ல கார். பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருப்பதால் இன்டேக் மேலேயும் எக்ஸாஸ்ட் கீழேயும் இருக்கின்றன. கீழே படுத்தால் ஹெடரின் நட்டுகள் எல்லாம் முகத்துக்கு நேரே தெரியும். வேறு கார்களில் ஸ்டியரிங் தண்டையும் ஸ்டார்ட்டரையும் சுற்றி வளைத்துக் கையை நுழைக்கிற வதை இதில் இல்லை.  நிதானமாகச் செய்கிற புதியவருக்கு ஒரு முழு நாள் போதும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்டது ஒன்றே ஒன்று, காரைத் தூக்கி நிறுத்துவது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே விடாதீர்கள். சமமான கான்கிரீட் தரையில், காரின் எடைக்குத் தகுந்த நான்கு ஜாக் ஸ்டாண்டுகளை மேனுவலில் காட்டியிருக்கும் இடங்களில் வையுங்கள். கீழே போவதற்கு முன் காரை இடுப்பால் பலமாக முட்டி ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். கழற்றிய சக்கரங்களைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பது கூடுதல் காப்பு. நட்டைத் திருப்பப் பலம் கொடுக்கும்போது முழுக் காரும் ஸ்டாண்டின் மேல் தள்ளப்படுகிறது, அந்த நேரத்தில்தான் விபத்து நடக்கிறது. வீட்டில் இன்னொருவர் இருக்கும் நாளில் செய்யுங்கள்.

முந்தின நாள் மாலையே, எஞ்சின் ஆறிய பிறகு, கீழ் மூடியைக் கழற்றி எல்லா நட்டுகளுக்கும் ஊடுருவும் எண்ணெய் அடித்து விடுங்கள். மறுநாள் காலை பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆக்சிஜன் சென்சார்களின் கனெக்டர்களைப் பிரியுங்கள். சென்சாரை எடுக்க 22 எம்எம்மில் பக்கவாட்டு வெட்டு உள்ள தனி சாக்கெட் வேண்டும், வாடகைக்கே கிடைக்கும். ஒயரை முறுக்காதீர்கள். முன் சென்சார் விலை அதிகம், எஞ்சினின் எரிபொருள் கணக்கே அதை நம்பித்தான் இருக்கிறது. நட்டுகளுக்கு ஆறுமுனை சாக்கெட் மட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் முனையை மழுக்கிவிடும். நட்டு வராமல் ஸ்டட்டே சேர்ந்து சுழன்று வெளியே வந்தால் பதற வேண்டாம், அது வழக்கமாக நடப்பதுதான். ஹெட்டில் (ஹெடர் மாட்டும் சிலிண்டர் மூடி) உள்ள மரையைச் சுத்தம் செய்து புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஸ்டட் பாதியில் உடைந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஹெட் அலுமினியம். வீட்டு ட்ரில்லால் தோண்டினால் மையம் விலகி மரை போய்விடும், சின்ன வேலை பெரிய செலவாகிவிடும். பட்டறையில் உடைந்த முனையில் ஒரு நட்டைப் பற்றவைத்து, அந்தச் சூட்டோடு திருப்பி எடுப்பார்கள்.

ஃப்ரீமான்ட்டில் பனியை உருக்கச் சாலையில் உப்புப் போட்டுக் காரைத் துருப்பிடிக்கவைக்கும் வழக்கம் இல்லாததால் உங்கள் அதிர்ஷ்டம் நன்றாகவே இருக்க வேண்டும். கார் மிச்சிகன், ஒஹாயோ போன்ற உப்புப் போடும் மாநிலங்களின் பக்கமிருந்து வந்ததா என்று மட்டும் பழைய பதிவுகளைப் பாருங்கள். இன்னொன்று, 2013 மாடலுக்கு வால்வு ஸ்பிரிங் ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்பக் கூப்பிடுவது) 2018இல் வந்தது. அந்த வேலைக்கு எஞ்சினையே வெளியே எடுத்தாக வேண்டும். உங்கள் காரில் அது செய்யப்பட்டிருந்தால் எக்ஸாஸ்ட் நட்டுகளும் பெரும்பாலும் ஒருமுறை கழன்றிருக்கும், இலகுவாக வரும். செய்யப்படாமல் இருந்தால் ஹெடரைப் பற்றி யோசிக்கும் முன் டீலரிடம் காரின் அடையாள எண்ணான விஐஎன்னைக் கொடுத்து ரீகாலைப் பற்றிப் பேசுங்கள்.

பழைய ஹெடரை இறக்கிய பிறகு அவசரப்படாமல் செய்ய வேண்டிய கட்டம் வருகிறது. வீட்டில் செய்யும் வேலைகள் பாழாவது பெரும்பாலும் கழற்றும்போது இல்லை, கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தகடு) உட்காரும் முகத்தில்தான். ஹெட்டின் முகத்தை பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். சுழலும் உராய்வுத் தட்டை அங்கே கொண்டுபோகவே கூடாது, அலுமினியத்தில் பள்ளம் விழும், துகள் போர்ட்டுக்குள்ளும் போகும். புது ஹெடரின் ஃப்ளேஞ்சின் (ஹெட்டோடு சேரும் தட்டை விளிம்பு) மேல் நேர்கோட்டு உருக்குப் பட்டையை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். மலிவான ஹெடர்களில் பற்றவைத்த சூட்டில் ஃப்ளேஞ்சு வளைந்திருக்கும். வெளிச்சம் தெளிவாகத் தெரிந்தால் மாட்டாமல் திருப்பி அனுப்புங்கள். உள்பக்கம் விரலை விட்டுப் பற்றவைப்பின் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஹெடரோடு வரும் காகிதம் போன்ற கேஸ்கெட்டை ஒதுக்கிவிட்டு, சுபாரு கம்பெனியின் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டையே புதிதாக வாங்கிப் போடுங்கள். இந்த ஒரு செலவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மாட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றுங்கள். பின்குழாயோடு சேரும் இணைப்பையும் தளர்வாகவே மாட்டிவிட்டு, எல்லாம் இழுபடாமல் இயல்பாக உட்கார்ந்ததும், ஹெட் பக்கத்திலிருந்து முறுக்கத் தொடங்கிப் பின்னால் போங்கள். ஒரே நட்டை முழுதாக இறுக்காமல், இருபுறமும் மாறி மாறி இரண்டு மூன்று சுற்றில் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ரெஞ்சு) முடியுங்கள். டார்க் அளவை உங்கள் ஆண்டுக்கான சுபாரு சர்வீஸ் மேனுவலிலிருந்தே எடுங்கள். அந்த அளவு காய்ந்த மரைக்கானது. மரையில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) பூசிவிட்டு அதே அளவுக்கு முறுக்கினால் ஸ்டட்டில் விழும் இழுவை கூடிவிடும். சென்சாரின் மரையில் மட்டும் கொஞ்சம் பூசலாம், முனையில் படக்கூடாது.

குழாயின் சூடு பக்கத்துப் பாகங்களுக்குப் பரவாமல் இருக்க வெப்பத் துணி சுற்றச் சொல்வார்கள். தெருவில் ஓடும் காருக்கு நான் வேண்டாம் என்பேன். ஈரத்தைப் பிடித்துவைத்து, குழாயை வழக்கத்தைவிட அதிகச் சூட்டில் வைத்திருப்பதால் பற்றவைத்த இடங்கள் விரிசல் விடுகின்றன. கம்பெனி ஹெடரில் இருந்த வெப்பத் தகடுகள் இப்போது இருக்காது, ஆகவே பக்கத்தில் போகும் ஒயர்களைத் தள்ளிக் கட்டுங்கள். செலவு செய்ய மனமிருந்தால் மாட்டும் முன்பே செராமிக் பூச்சு கொடுத்துவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் புதுக் குழாயில் பட்ட கைரேகை, எண்ணெய் எல்லாவற்றையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள், அது அதிகச் சூட்டில் நச்சு வாயுவாக மாறக்கூடியது. முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகை வரும், அது மிச்ச எண்ணெய் எரிவது. கராஜ் கதவைத் திறந்துவிட்டேன் என்பது போதாது, காரைக் கீழே இறக்கி வெளியே தள்ளிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கு முன் ஒரு சோதனை: வாக்குவம் கிளீனரின் ஊதும் வாயைப் பின்குழாயில் துணி சுற்றிச் செருகி ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். குமிழி வந்தால் கசிவு. முன் சென்சாருக்கு முன்னால் உள்ள சின்னக் கசிவுகூட வெளிக்காற்றை உள்ளே இழுத்து, பெட்ரோல் குறைவு என்று ஈசியூவை ஏமாற்றும், அது தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். குளிர் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைந்துபோகிற சத்தமும் கசிவின் அடையாளம்தான்.

சில நாள் ஓட்டி, எஞ்சின் பலமுறை சூடாகி ஆறிய பிறகு, ஆறிய நிலையில் எல்லா நட்டுகளையும் மறுபடி டார்க் பாருங்கள். ஓபிடி கருவி ஒன்று வாங்கி நீண்டகால ஃப்யூவல் ட்ரிம்மை (ஈசியூ பெட்ரோல் அளவைத் திருத்தும் சதவீதம்), ஹெடர் மாட்டுவதற்கு முன்பும் பின்பும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு இருந்ததைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் கசிவைத் தேடுங்கள். கழற்றிய கம்பெனி ஹெடரை விற்காமல் துடைத்து அட்டைப் பெட்டியில் வையுங்கள், காரை விற்கும் நாளில் வாங்குபவர் அதைக் கேட்பார். பேட்டரியைக் கழற்றியதால் புகைக் கட்டுப்பாட்டுச் சோதனைகளை முடித்ததைக் காட்டும் ஈசியூவின் தயார்நிலைக் குறிகள் அழிந்திருக்கும். அவை திரும்ப வர நகருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்ட வேண்டும், ஆகவே ஸ்மாக் செக் தேதிக்குச் சில வாரம் முன்னதாகவே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.